தமிழ்த் தட்டுக்கு யாரும் கை உயர்த்தவில்லை

2024 மே மாதம், இரண்டாவது வாரம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் குழுவில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு ஒரு செய்தி வந்தது. “நூலகத்தில இருந்து அந்தப் புத்தகங்களை எடுக்கச் சொன்ன கவுன்சிலுக்கு நாங்கள் துணை நிக்க வேணும். கீழே ஒரு கடிதம் இருக்கு. உங்கட பேரைப் போட்டு எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்புங்கோ.” அனுப்பியவர் எனக்கு இருபது வருடமாகத் தெரிந்த ஓர் அக்கா. மகள் பிறந்தபோது அம்மாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வர விசா கிடைக்கவில்லை. அந்த நாட்களில் பிள்ளை பெற்றவளுக்கான சரக்குக் கறி காய்ச்சி, சூடு ஆறுவதற்கு முன் கொண்டுவந்து தந்தவர் அவர்தான். அரை மணி நேரத்தில் குழு முழுக்கக் கும்பிடும் கைகளும் கட்டைவிரல்களுமாக நிறைந்தது. நான் கடிதத்தை அனுப்பவில்லை. அக்காவுக்கு மறுப்பும் சொல்லவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். அன்றைய மௌனம் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

விஷயம் சிட்னிவாசிகளுக்குத் தெரிந்ததுதான். வென்ட்வேர்த்வில், பெண்டில் ஹில் என்று எங்கள் ஆட்கள் நெருக்கமாக வாழும் பகுதிகள் கம்பர்லாந்து நகரசபைக்குள் வருகின்றன. சபைக்கு எட்டு நூலகங்கள். அந்த ஆண்டு பெப்ரவரியில், ட்ராக் கலைஞர்கள் (பெரும்பாலும் பெண் வேடமிட்டு மேடையேறும் ஆண்கள்) பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கும் நிகழ்ச்சி தங்கள் நூலகங்களில் நடக்கக் கூடாது என்று சபை முடிவெடுத்தது. மே 1ஆம் திகதி அடுத்த படி. ஒரே பாலினப் பெற்றோர் பற்றிய புத்தகங்களை எல்லா நூலகங்களிலிருந்தும் உடனே அகற்ற வேண்டும் என்ற தீர்மானம் 6க்கு 5 என்ற கணக்கில், ஒற்றை வாக்கில் நிறைவேறியது. பேச்சுக்குக் காரணமானது பிள்ளைகளுக்கான ஒரு மெல்லிய தகவல் புத்தகம். இரண்டு அம்மா அல்லது இரண்டு அப்பா உள்ள வீடுகள் பற்றியது. தீர்மானத்தைக் கொண்டுவந்த உறுப்பினர், இது மத நம்பிக்கையும் குடும்பப் பற்றும் உள்ள மக்கள் வாழும் இடம், மாரிக்வில்லோ நியூடவுனோ அல்ல, கம்பர்லாந்து என்று சபையில் சொன்னார். அவை இரண்டும் தாராளப் போக்குக்குப் பேர்போன சிட்னிப் பகுதிகள்.

அந்த வாக்கியத்தைச் செய்தியில் கேட்டபோது எனக்கு முதலில் கோபம் வரவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், மனதில் ஒரு மூலை தலையாட்டியது. மகள் அப்போது ஆறாம் வகுப்பு, மகனுக்கு ஏழு வயது. சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் இப்போதே எதற்கு என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. வீட்டில் கதைக்கப் பழகாத விஷயத்தைப் புத்தகம் முந்திக்கொண்டு கதைத்துவிடுமோ என்ற பயம் அது. மறுபக்கம், மகனின் வகுப்பில் இரண்டு அம்மாக்களோடு வளரும் ஒரு பையன் இருக்கிறான். எங்கள் வீட்டுக்கு வந்து தோசை சாப்பிட்டிருக்கிறான். அவனைப் பற்றிய புத்தகம்தான் அது என்று அந்த முதல் நாட்களில் எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பையனைத் தெரியும், புத்தகச் சர்ச்சையையும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க மூளை மறுத்தது.

வாசிகசாலைப் படிக்கட்டு

எங்கள் ஊரில் ஒரு சனசமூக நிலையம் இருந்தது, முன்பக்கம் வாசிகசாலை. நீளமான ஒரு மேசை, இரண்டு வாங்கு, சுவரோடு கண்ணாடி போட்ட ஓர் அலுமாரி. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விவரிக்கத் தேவையில்லை. பின்னேரம் ஐந்து மணிக்கு ஆண்கள் வந்து பேப்பர் விரிப்பார்கள். பெண் பிள்ளைகள் போகக் கூடாது என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் போக மாட்டோம். படிக்கட்டு வரை போய், உள்ளே இருக்கும் அண்ணாவைக் கூப்பிட்டு, ஏதாவது எடுத்துத் தா என்று கேட்பேன். அவன் கையில் அகப்பட்டதைக் கொண்டுவருவான். அதாவது பத்து வயதிலிருந்து பதினேழு வயது வரை நான் வாசித்தது அத்தனையும் இரண்டு சல்லடை தாண்டி வந்தவை. முதல் சல்லடை நிலையத்தின் நிர்வாக சபை, அடுத்தது அண்ணாவின் மனநிலை.

ஒரு வருடம் நிர்வாக சபைக் கூட்டத்தில் ஒரு வார இதழை நிறுத்துவது என்று முடிவானது. அதில் வரும் தொடர்கதை குடும்பப் பிள்ளைகளுக்கு உகந்ததில்லை என்று யாரோ ஒரு பெரியவர் சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் கை உயர்த்தி வாக்கெடுத்தார்கள். அந்தக் கதையை ஆவலோடு தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் ஊரின் பெண்கள். நானும் என் சித்தியும் அதில் அடக்கம். கூட்டத்தில் எங்களில் ஒருவரும் இல்லை. கதையின் நாயகிக்கு என்ன ஆனது என்று எனக்கு இன்றும் தெரியாது. சித்தி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வாரம் அண்ணா வெறுங்கையோடு வந்தபோது “சரி, விடு” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனா. கெட்ட மனிதர்கள் செய்த காரியம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நிர்வாக சபைதான் ஊரில் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு நடத்தியது. அவர்களுக்கு எங்கள் மீது அக்கறை இருந்தது. எங்களிடம் கேட்க வேண்டும் என்றுதான் தோன்றவில்லை.

நான் 2004இல் சிட்னிக்கு வந்தேன். கணவர் காலையில் போனால் இரவுதான் வருவார். ஆங்கிலம் வாயில் வராத மாதங்கள். பக்கத்து வீட்டு வியட்நாமியப் பெண்மணி ஒருநாள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு கட்டடத்துக்குள் விட்டார். அது நூலகம். அப்போது அது வேறு நகரசபையின் கீழ் இருந்தது. 2016இல் ஹோல்ராய்டையும் ஓபர்ன், பரமட்டா ஆகியவற்றின் பகுதிகளையும் சேர்த்துத்தான் கம்பர்லாந்து உருவானது. வீட்டு முகவரி போட்ட மின்சாரக் கட்டணச் சீட்டைக் காட்டினேன், அட்டை தந்தார்கள். காசு கேட்கவில்லை. யாருடைய மனைவி, யாருடைய மகள் என்றும் கேட்கவில்லை. நானே நடந்து, நானே புத்தகத் தட்டைப் பார்த்து, நானே எடுக்கலாம் என்பது விளங்கச் சில நிமிடம் ஆனது. மூலையில் ஒரு தட்டில் தமிழ் எழுத்தைக் கண்டேன். நாற்பது, ஐம்பது புத்தகம் இருக்கும். அவற்றின் முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதேன். சிறுவர் பகுதியில் இருந்த ஒரு தாத்தா தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டியது ஞாபகம் இருக்கிறது.

அந்தத் தட்டு அங்கே எப்படி வந்தது என்று இருபது ஆண்டு நான் கேட்கவே இல்லை. மழை பெய்வது மாதிரி, இருக்கிறது, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

மேசைக்கு அந்தப் பக்கம்

குழுவில் கடிதம் வந்து மூன்றாம் நாள் எங்கள் கிளை நூலகத்துக்குப் போனேன். மகனின் புத்தகங்கள் திருப்பிக் கொடுக்கும் நாள். வாசலில் வழக்கத்தைவிட அமைதி. மேசையில் எப்போதும் இருக்கும் நூலகர், ஓய்வு வயதை நெருங்கிய பெண்மணி, அன்று முகம் வாடித் தெரிந்தார். எனக்கு அவரை நல்ல பழக்கம். மகள் நடக்கத் தொடங்குமுன் செவ்வாய்க்கிழமைப் பாட்டு நேரத்துக்கு அவரிடம்தான் கூட்டிக்கொண்டு போவேன். மெதுவாக, அந்த விஷயம் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் தலையை அசைத்தார். தான் நகரசபையின் ஊழியர், சபை எடுத்த முடிவு பற்றிப் பொதுவில் கருத்துச் சொல்ல முடியாது, மன்னிக்க வேண்டும் என்றார். அவர் தொழிலின் மேல் வாக்கெடுப்பு நடந்திருக்கிறது, அவரால் வாய் திறக்க முடியவில்லை. இந்த நாட்டில் எனக்கு வாக்கு இருக்கிறது, வாய் இருக்கிறது, நான் பேசாமல் இருக்கிறேன். இரண்டு மௌனமும் ஒன்றல்ல என்பது அப்போது மெல்லக் குத்தியது.

பேச்சை மாற்றுவதற்காகத் தமிழ்த் தட்டைப் பற்றிக் கேட்டேன். புதிதாகச் சில சிறுகதைத் தொகுப்புகள் வந்திருந்தன. இவற்றை வாங்கச் சொல்லி யார் உங்களிடம் கேட்டார்கள் என்றேன். நிச்சயம் யாராவது ஒரு சங்கம் மனுக் கொடுத்திருக்கும், எங்கள் ஆட்களில் ஒருவர் நகரசபையில் பேசியிருப்பார் என்று நினைத்திருந்தேன்.

“யாரும் கேட்கவில்லை,” என்றார். “கணக்கெடுப்பைப் பார்த்தோம், நீங்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்தது.”

நான் விளங்காமல் பார்த்தேன். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. தான் பேசக் கூடாத விஷயம் இதில் ஒன்றும் இல்லை என்ற நிம்மதி முகத்தில் தெரிந்தது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை குடிசனக் கணக்கெடுப்பு வரும்போது எந்தப் பகுதியில் வீட்டில் எந்த மொழி பேசுகிறார்கள் என்று நூலகர்கள் பார்ப்பார்களாம். கம்பர்லாந்தில் 2021இல் 2 லட்சத்து 35 ஆயிரம் பேர், அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் வீட்டில் ஆங்கிலம் தவிர்ந்த மொழி பேசுபவர்கள். சின்ன நூலகம் ஒவ்வொரு மொழியிலும் போதிய புத்தகம் வாங்கிவிட முடியாது. அதனால் நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகம் நாற்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் புத்தகங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஊர் நூலகங்களுக்குப் பெட்டி பெட்டியாகக் கடன் கொடுக்கிறது. இங்கே வாசித்து முடித்த பெட்டி இன்னோர் ஊருக்குப் போகும், அங்கிருந்து வேறு பெட்டி வரும். சேகரிப்புக்கு என்று எழுதி வைத்த கொள்கை ஒன்று உண்டு. எதை வாங்குவது, எதைக் கழிப்பது என்று அதைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். வாங்குவதற்கு யாரும் கை உயர்த்த வேண்டியதில்லை. கழிப்பதற்கும் அப்படித்தான். சில வருடம் யாரும் தொடாத புத்தகம், கிழிந்த புத்தகம், தகவல் பழசான புத்தகம் தட்டை விட்டுப் போகும்.

“ஆகவே எனக்கு ஓர் உதவி செய்யுங்கள்,” என்றார். “இங்கேயே உட்கார்ந்து வாசிக்கும் புத்தகத்தை நீங்களே திருப்பித் தட்டில் வைக்காதீர்கள். அந்தத் தள்ளுவண்டியில் வையுங்கள். அதை நாங்கள் ஸ்கேன் செய்த பிறகுதான் தட்டுக்கு அனுப்புவோம். வீட்டுக்குக் கொண்டுபோகாவிட்டாலும் யாரோ வாசித்தார்கள் என்று கணக்கில் ஏறும்.” இருபது வருடமாக நான் ஒழுங்கான பெண்ணாகப் புத்தகங்களை எடுத்த இடத்திலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

பிறகு அவர் ஒன்று கேட்டார். ரங்கநாதன் என்ற பெயர் உங்கள் மொழிப் பெயர்தானே என்று. நூலகப் படிப்பில் சேர்ந்த முதல் வாரமே அவரைப் படித்தோம் என்றார். சீர்காழியில் பிறந்து, சென்னையில் கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர். அவர் நூலகங்களுக்காக 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். அவுஸ்திரேலியப் பெண்மணி அதை ஆங்கிலத்தில் சொல்ல, நான் மேசைக்கு இந்தப் பக்கம் மகனின் புத்தகப் பையோடு நின்றேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்கு விளங்கியது. ரெயில் பாலத்தடியில் நின்றுவிட்டேன், மகன் கையைப் பிடித்து இழுத்தான். அந்தத் தமிழ்த் தட்டு இருப்பது வேண்டுமா என்று யாரும் வாக்கெடுக்கவில்லை. எடுத்திருந்தால்? எங்கள் வீதியில் இருபது வீடு. தமிழ் வாசிப்பது இரண்டு வீடு. எங்கள் வரிப் பணத்தில் எங்களுக்கு விளங்காத எழுத்தில் புத்தகம் எதற்கு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்று ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டால், கேள்வி நியாயமாகத்தான் ஒலிக்கும். 6க்கு 5 கூட வராது. எங்கள் புத்தகங்கள் முதல் நாளே போய்விடும். அந்தப் பிள்ளைகள் புத்தகத்தை உள்ளே கொண்டுவந்த கை எதுவோ, அதே கைதான் எங்கள் தட்டையும் வைத்தது. இவர்கள் இங்கே இருக்கிறார்கள், இவர்களுக்கும் ஒன்று இருக்க வேண்டும் என்று நினைக்கிற கை. இரண்டு அம்மாக்களோடு வளரும், எங்கள் வீட்டுத் தோசை தின்ற பையன் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தான். அவனும் இங்கே இருக்கிறான்.

அதே நிமிடத்தில் சித்தியின் “சரி, விடு” என்ற குரலும் கேட்டது. வாசிகசாலையில் கை உயர்த்தியவர்கள் சொன்ன அதே காரணம், அதே சொற்கள். குடும்பப் பிள்ளைகள். எங்கள் சமூகம். உகந்ததில்லை. அந்தப் பெயரில் என்னிடமிருந்து ஒரு கதையை எடுத்தார்கள். இப்போது என் பெயரால், மத நம்பிக்கையுள்ள குடியேறிகளின் பெயரால், இன்னொரு பிள்ளையின் புத்தகத்தை எடுக்கிறார்கள். அன்று படிக்கட்டில் நின்றவள் இன்று கூட்டத்தில் கை உயர்த்துபவர்களின் பக்கத்தில் உட்கார்த்தப்பட்டிருக்கிறாள். என்னை அங்கே உட்கார வைக்கும்போது யாரும் என்னைக் கேட்கவில்லை. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த வாரம் இதைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் வாசித்தேன். 1930களில் இந்த நாட்டின் பெரும்பாலான ஊர்களில் இருந்ததும் எங்கள் வாசிகசாலை மாதிரியான ஒன்றுதான் என்று தெரிந்துகொண்டேன். சந்தா கட்டிய உறுப்பினர்கள், அவர்களின் நிர்வாகக் குழு, அவர்களுக்குப் பிடித்த புத்தகம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்த ரால்ஃப் மன் என்ற நூலகரும் மெல்பேர்ணிலுள்ள விக்டோரியாப் பொது நூலகத்தின் தலைமை நூலகர் ஏர்னஸ்ட் பிட்டும் நாடு முழுக்கச் சுற்றிப் பார்த்து 1935இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அந்த நிலையங்கள் மறந்துபோன பழைய புத்தகங்களின் மயானங்கள் ஆகிவிட்டன என்று அதில் எழுதினார்கள். அதன் பிறகுதான் எல்லாம் அசையத் தொடங்கியது. 1937இல் நூலகர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். அது வளர்ந்ததுதான் இன்றைய அவுஸ்திரேலிய நூலக, தகவல் சங்கம். நியூ சவுத் வேல்ஸில் 1939இல் நூலகச் சட்டம் வந்தது. நூலகத்துக்குள் போய்ப் புத்தகத்தைப் பார்க்க யாரிடமும் காசு வாங்கக் கூடாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது. நூலகம் நடத்தும் நகரசபைக்கு மாநிலம் பணம் தரும், பணத்தோடு கடமையும் வரும். கம்பர்லாந்து தீர்மானம் வந்தவுடன் மாநிலக் கலை அமைச்சர் ஜோன் கிரஹாம் எழுப்பிய கேள்வியும் இதுதான். சட்டத்தை மீறினால் அந்தப் பணம் தொடருமா? நூலகச் சங்கமும் தடையை எதிர்த்துப் பேசியது. எங்கள் கிளை நூலகரால் சொல்ல முடியாததை அவருடைய சங்கம் அவருக்காகச் சொன்னது என்று அறிந்தபோது எனக்கு ஓர் ஆறுதல்.

மே 15

தடையை நீக்கச் சொல்லி உள்ளூர்த் தாய் ஒருவர் தொடங்கிய மனுவில் 40,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். நானும் போட்டேன், கூட்டத்துக்கு முதல் நாள் இரவு. குழுவுக்குச் சொல்லவில்லை. மே 15 மாலை மெரிலாண்ட்ஸ் நகரசபைக்கு வெளியே இரு தரப்பும் திரண்டு நின்றது. நடுவில் பொலிஸ். நான் போகவில்லை, வேலை முடிந்து பிள்ளைகளை எடுக்க வேண்டியிருந்தது. ஆனால் போய் நின்றிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. உள்ளே பல மணி நேரம் வாதம் நடந்தது. முடிவில் 12க்கு 2 என்று தடை நீங்கியது. இரண்டே வாரத்துக்குள் 6க்கு 5 இப்படி மாறியதை நினைத்துப் பார்த்தேன். எண்ணிக்கை எவ்வளவு இலகுவாகத் திரும்புகிறது! எங்களுக்குச் சாதகமாகத் திரும்பிய இரவிலும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

மே மாதம் முடியவில்லை. 31ஆம் திகதி அதே குழுவில், வருடந்தோறும் வருவது போல, எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் படம் வந்தது. 1981 மே 31 இரவு. 97,000 நூல்கள். அனுப்பியவர் அதே அக்கா. கீழே அதே பெயர்கள், மெழுகுதிரிப் படங்கள். அதைப் பார்த்ததும் வேலைத்தளத்துச் சிநேகிதி ஒருத்தி, “பார், உங்கட ஆக்களே இப்ப கொளுத்தப் போயினம்” என்று எழுதினாள். அவள் கோபம் எனக்கு விளங்கியது, ஆனால் அந்த ஒப்பீட்டை நான் ஏற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஓர் இனத்தின் நினைவை அழிக்க வந்தார்கள். ஓலைச்சுவடிகள், திரும்ப அச்சிட முடியாதவை, சாம்பலாயின. மெரிலாண்ட்ஸில் ஒரு தீர்மானம் போட்டார்கள், இரண்டு வாரத்தில் இல்லாமலாக்கினார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது எரிந்ததையும் சிறிதாக்கும், இங்கே நடந்ததையும் விளங்க விடாது. சரி, அப்படியென்றால் அந்தப் படம் எனக்கு ஏன் அன்று அவ்வளவு வலித்தது? எரிந்த பிறகு அழ எங்கள் எல்லோருக்கும் தெரிகிறது. எரிவதற்கு முன் அந்த நூலகத்தில் என்ன இருந்தது, யார் யாருக்கு என்று யார் அடுக்கி வைத்தார்கள் என்று நாங்கள் கேட்பதே இல்லை. அங்கேயும் யாரோ ஒரு நூலகர் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்திருப்பார்.

அன்று இரவு அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. வாசிகசாலைக் கதையைச் சொன்னேன், சித்தியைப் பற்றிச் சொன்னேன், தமிழ்த் தட்டை யாரும் கேட்டு வைக்கவில்லை என்று சொன்னேன். அவ நீண்ட நேரம் பேசவில்லை. “நீ சொல்லுறது விளங்குது பிள்ளை,” என்றா. “ஆனா என்ர பேரப்பிள்ளை கேட்டா நான் என்ன சொல்லுறது?” எனக்கும் தெரியாது என்றேன். என்னிடம் மகன் ஏற்கெனவே கேட்டுவிட்டான், அவனுக்கு ரெண்டு அம்மா, எனக்கு ஒரு அம்மா, அவ்வளவுதான் என்று அவனே பதிலும் சொல்லிவிட்டான் என்றேன். அக்கா சிரித்தா. உடன்படவில்லை, ஆனால் போனை வைக்கவும் இல்லை, இன்னும் அரை மணி நேரம் கதைத்தோம். இப்போதும் நாங்கள் ஒரே கருத்தில் இல்லை. தைப்பொங்கலுக்கு அவ வீட்டுக்குத்தான் போனோம்.

இது கம்பர்லாந்தோடு முடிந்த கதை இல்லை. அதற்கு முந்திய வருடம் மெல்பேர்ணில் மொனாஷ் நகரசபை, நூலகத்தில் ட்ராக் கலைஞர் நடத்தவிருந்த ஒரு கதைநேரத்தை மிரட்டல்களுக்குப் பிறகு நிறுத்தியது. குவீன்ஸ்லாந்தில் லோகன் நகர நூலகத்தில் இருந்த பாலின அடையாளம் பற்றிய ஒரு சித்திர வாழ்க்கைக் கதை மீதான முறைப்பாடு, எதை எந்த வயதினர் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் வகைப்படுத்தல் சபை, அதன் முடிவை மறுபடி பார்க்கும் மீளாய்வுச் சபை என்று ஏறி, 2024 ஒக்டோபரில் கூட்டாட்சி நீதிமன்றம் மீளாய்வுச் சபையின் முடிவை ரத்துச் செய்து திரும்பப் பரிசீலிக்கச் சொல்லும்வரை போனது. பெற்றோரின் கவலை பொய் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் அது இருக்கிறது. என் பிள்ளை எதை வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்று நான் சொல்லலாம், சொல்கிறேன். மற்றவரின் பிள்ளை எதைக் கொண்டுபோகலாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கவலைக்கும் நூலகத்தில் இடம் இருக்கிறது. ஒரு புத்தகம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று நினைத்தால் எழுத்தில் கேட்கலாம், அதை வாசித்துப் பார்த்து, கொள்கையோடு ஒப்பிட்டுப் பதில் தர ஒருவர் இருப்பார். அந்த நிதானமான வேலைக்குப் பதிலாகக் கை உயர்த்தத் தொடங்கும்போதுதான் எனக்குப் பயம் வருகிறது. செப்டம்பரில் உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. வேட்பாளர்களின் தாள்களில் குப்பை, வீதி, வாகனத் தரிப்பிடம் எல்லாம் தேடி வாசிப்பவள் நான். அந்த முறை நூலகம் என்ற சொல் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் தேடினேன்.

குளிர்காலத்தில் ஒரு சனி, பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியில் இருக்கும் நேரம், நூலகத்துக்குப் போனேன். நூலகர் அன்று லீவு. கணினியில் தேடி, சிறுவர் தகவல் பகுதியில் அந்தப் புத்தகத்தைக் கண்டுபிடித்தேன். அவ்வளவு மெல்லியதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. பிள்ளைகளுக்கான சின்ன நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தேன். சில நிமிடத்தில் முடிந்துவிட்டது. பிறகு தமிழ்த் தட்டுக்குப் போய், புதிதாக வந்த சிறுகதைத் தொகுப்பு ஒன்றை எடுத்து ஒரு கதை வாசித்தேன். மணியைப் பார்த்தேன், பிள்ளைகளை எடுக்கப் போக வேண்டும். பழக்க தோஷத்தில் இரண்டையும் தட்டில் திருப்பி வைக்கப் போன கை பாதியில் நின்றது. திரும்பி வந்து, இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தள்ளுவண்டியில் வைத்தேன்.